நெறியாளர் பேசக் கூடாது

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில், மாணவரின் ஆய்வுக்கு வழிகாட்டிய நெறியாளர் வாய் திறக்கக் கூடாது. எழுதிவைத்த விதியா என்று கேட்டால் எடுத்துக்காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் துறையில் அப்படித்தான் நடக்கிறது, அதுவே முறை என்று நானும் நினைக்கிறேன். நெறியாளர் குறுக்கிட்டால், வந்த பதில் மாணவருடையதா நெறியாளருடையதா என்று தேர்வாளருக்கு எப்படித் தெரியும்? புதுச்சேரியில் முதுகலை விலங்கியல் மாணவர்களை வைத்துக்கொண்டு எத்தனையோ தேர்வுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த எல்லையைத் தாண்டியதே இல்லை. நாகின் (noggin) என்னும் மரபணுவைப் பற்றி ஆய்வேடு எழுதிய மாணவி ஒருத்தி தேர்வுக்கு நின்ற அன்றைக்கும் தாண்டவில்லை.

"நாகினை நீக்கிவிட்டால் தவளைக் கருவுக்கு என்ன ஆகும்?" என்று புறத் தேர்வாளர் கேட்டார்.

"பெரிதாக ஒன்றும் ஆகாது, சார்."

"ஒன்றும் ஆகாத மரபணுவைப் பற்றியா இவ்வளவு பக்கம் எழுதினாய்?"

அறையில் இருந்தவர்களில் யாரோ சிரித்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள். நான் என் கையிலிருந்த ஆய்வேட்டைப் புரட்டினேன். "சரி, அடுத்த படத்துக்குப் போ" என்றார் தேர்வாளர். அவள் போனாள்.

அவள் சொன்னது சரி. அதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. தவறான பதில் சொல்லிவிட்டுத் திணறியிருந்தால் மறுநாளே மறந்திருப்பேன்.

1924-ல் ஸ்பெமானும் ஹில்டே மான்கோல்டும் நீர்ப்பல்லிக் கருவின் ஒரு சிறு துண்டை எடுத்து இன்னொரு கருவின் வயிற்றுப் பக்கம் ஒட்டவைத்தார்கள். அங்கே இரண்டாவது உடல் அச்சு ஒன்று உருவானது. அந்தத் துண்டுக்கு அமைப்பான் என்று பெயர் வைத்தார்கள். அது என்ன பொருளைச் சுரக்கிறது என்று தெரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1992-ல் ஸ்மித்தும் ஹார்லாண்டும் ஜெனோபஸ் தவளையில், அமைப்பான் சுரக்கும் புரதங்களில் ஒன்றான நாகினைக் கண்டுபிடித்தார்கள். புறஊதாக் கதிர் பட்டு முதுகே உருவாகாமல் வெறும் வயிறாக நின்றுவிடும் கருவுக்கு நாகினின் ஆர்.என்.ஏ.வைச் செலுத்தினால் முதுகும் தலையும் திரும்ப வந்தன. அளவு கூடினால் தலை அளவுக்கு மீறிப் பெரிதானது. இரண்டு ஆண்டுகளில் கார்டின் வந்தது. ஃபாலிஸ்டாட்டினும் இந்த வரிசையில் சேர்ந்தது. மூன்றும் செய்யும் வேலை ஏறக்குறைய ஒன்றே: பி.எம்.பி. என்னும் வளர்ச்சிக் காரணிகளைச் செல்லுக்கு வெளியிலேயே பிடித்துக்கொண்டு, அவற்றின் சமிக்ஞை செல்லின் மேலுள்ள ஏற்பியைச் சென்றடையாமல் செய்வது. பி.எம்.பி. சென்றடைந்தால் கருவின் வெளி அடுக்கான புறப்படையின் செல் தோலாகிறது. அடையாத இடத்தில் நரம்பாகிறது.

இவ்வளவு வல்லமையுள்ள நாகினை நீக்கினால் கரு குலைந்துபோகும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். தேர்வாளரும் அதைத்தான் எதிர்பார்த்தார். ஆனால் 2005-ல் ஜெனோபஸ் டிராபிகாலிஸ் கருக்களில் மூன்று மரபணுக்களையும் தனித்தனியாக அடக்கிப் பார்த்தபோது மாற்றம் சிறிதாகவே இருந்தது. மூன்றையும் ஒருசேர அடக்கியபோதுதான் முதுகுப் பக்க உறுப்புகள் ஏறக்குறைய முழுவதும் போயின. மூளையும் தண்டுவடமும் உருவாக வேண்டிய நரம்புத் தட்டே இல்லை. அந்தப் படம் அவளுடைய ஆய்வேட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தது. அச்சுக் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டார்கள் என்று, வண்ணத்தில் மறுபடி எடுத்து அந்த ஒரு தாளை மட்டும் தன் கையால் ஒட்டியிருந்தாள். பசை காய்ந்து தாளின் ஓரம் சற்றுச் சுருங்கியிருந்தது. அன்று நான் புரட்டிக்கொண்டிருந்தபோது என் விரலில் தட்டுப்பட்டதும் அந்த ஓரம்தான்.

பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? இந்தப் படத்தைப் பாருங்கள் என்று சொல்லியிருப்பேன். அதோடு நின்றிருக்கவும் மாட்டேன். நாகின் இல்லாத சுண்டெலி பிறக்கும்போதே எலும்புக் கோளாறுகளோடு பிறந்து இறந்துவிடுகிறது என்பேன். மனிதரில் அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே விரல் மூட்டுகள் ஒட்டி மடங்காமல் போகக்கூடும் என்பேன். தொடக்கக் கருவில் மற்றவை ஈடுகட்டிவிடுகின்றன, மூட்டு உருவாகும் இடத்தில் ஈடுகட்ட ஆளில்லை, ஆகவே "என்ன ஆகும்" என்று கேட்பதற்கு முன் "எந்த இடத்தில், எந்தக் கட்டத்தில்" என்று கேளுங்கள் என்று தேர்வாளரிடமே திருப்பியிருப்பேன். அப்படி நடந்திருந்தால் அந்த அரை மணி நேரம் என்னுடைய தேர்வாகியிருக்கும். அவளுக்கு அதில் என்ன நன்மை? இதனால்தான் பேசாமல் இருந்தது சரி என்று சொல்கிறேன்.

மதிப்பெண் ஒன்றும் குறையவில்லை. தேர்வாளரையும் நான் குறை சொல்ல மாட்டேன். பகல் முழுவதும் ஒரே மாதிரி பதில்களைக் கேட்டுச் சலித்தவர். எதிர்பாராத பதில் வந்ததும் கிண்டல்தான் முதலில் வந்திருக்கும். அவளை ஆராய்ச்சிப் படிப்புக்கு விண்ணப்பிக்கச் சொல்லிப் பார்த்தேன். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்றாள். கடலூரின் கடலோரத் தேவனாம்பட்டினத்தில் வீடு; மூத்த பெண், கீழே இரண்டு தம்பிகள். காரணம் அதுவாகவே இருக்கலாம். இப்போது மஞ்சக்குப்பத்தில் ஒரு இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். வேலை பிடித்திருக்கிறது என்கிறாள்.

பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்ல அழைத்தபோது அவளாகவே பேச்சை எடுத்தாள்.

"சார், துறைமுகத்தில் விசைப்படகை மூன்று கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். ஒன்றை அவிழ்த்தால் படகு அசையாது. அதற்காக அந்தக் கயிறு வீண் என்று எங்கள் ஊரில் யாரும் சொல்ல மாட்டார்கள். இதைத்தான் அன்றைக்குச் சொல்ல நினைத்தேன். சிரித்ததும் மறந்துவிட்டது."

எத்தனையோ வகுப்புகளில் நான் சொல்லியதைவிட அது தெளிவாக இருந்தது. அப்படியே சொன்னேன். பிறகு, கேட்காமலே, நெறியாளர் ஏன் பேசக் கூடாது என்று விளக்கத் தொடங்கினேன்.

"அது தெரியும், சார். நீங்கள் பதில் சொல்ல வேண்டும் என்று பார்க்கவில்லை. நான் சொன்னது சரிதானா என்று பார்த்தேன். தலையை அசைத்திருந்தால் போதும்."

தலையசைப்பதும் பதில் சொல்வதுதான், அம்மா என்றேன். "சரி, சார்" என்றாள். பேச்சு அவள் தம்பியின் கல்லூரிச் சேர்க்கைக்குப் போனது.

தலையசைப்பு பதில்தான் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. ஒரு மாணவருக்கு அசைத்தால் அடுத்தவருக்கு அசைக்காததும் பதிலாகிவிடும். ஆனால் அன்று நான் ஆய்வேட்டைக் குனிந்து பார்த்தேனே, அதை அவள் என்ன பதிலாக எடுத்துக்கொண்டாள் என்று தொலைபேசியில் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இந்த ஆண்டு ஒரு மாணவன் கார்டினைப் பற்றி எழுதுகிறான். தேர்வாளர் என்ன சொன்னாலும் என் முகத்தைப் பார்க்காதே, மூன்றையும் அடக்கிய படம் உள்ள பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்துவிடு என்று சொல்லிவைத்திருக்கிறேன். படத்தைத் தொடக்கத்திலேயே வண்ணத்தில் அச்சடிக்கவும் சொல்லியிருக்கிறேன்.