ஒரு ழகரமும் ஓர் இன்ஷியலும்

எங்கள் மகள் பிறந்து நான்கு மாதம் முடியும் வரை அவளுக்கு ஏட்டில் பெயர் கிடையாது. வீட்டில் மூன்று பெயர்கள் இருந்தன. என் அம்மா ஒன்று சொல்லிக் கூப்பிடுவார், மாமியார் வேறொன்று, நாங்கள் இருவரும் வாய்க்கு வந்த செல்லப் பெயர் எல்லாம். பிறப்புச் சான்றிதழில் மட்டும் பெயருக்கான இடம் வெறுமையாக இருந்தது. அந்த வெற்றிடம் எத்தனை காரியங்களை நிறுத்திவைக்கும் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. இத்தனைக்கும் நான் திருப்பூரில் ஒரு நூல் கடையில் கணக்கு எழுதுபவன். ஊரார் பில்லில் ஓர் எழுத்து மாறினால் திருப்பி அனுப்புகிற ஆள்.

முதல் பிரசவம் என்பதால் மனைவி ஏழாம் மாதமே திண்டுக்கல்லில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சுகப்பிரசவம், 35,000 ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தோம். அறுவை சிகிச்சை ஆயிற்று. அறை வாடகை, மருந்து, பிறந்த மூன்றாம் நாள் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கண்டு நீல விளக்கின் கீழ் இரண்டு நாள் வைத்தது எல்லாம் சேர்ந்து 79,000. மாமனார் தன் பங்கைக் கொடுக்க வந்தார். வாங்க மனம் வரவில்லை. வாங்கியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

பணத்துக்கு நான் சீட்டைத் தள்ளி எடுத்தேன். மாதம் 5,000 வீதம் இருபது மாதம் கட்டும் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. சீட்டின் எட்டாம் மாதத்தில் 18,000 தள்ளி, கைக்கு 82,000 வந்தது. அவசரத்துக்குச் சீட்டு எடுத்தவர்களுக்குத் தெரியும், தள்ளிய தொகை அந்த நாளில் பெரிதாக உறைக்காது. அடுத்தடுத்த மாதம் பாக்கித் தவணை கட்டும்போதுதான் உறைக்கும்.

அப்போது எங்கள் வருமான நிலவரம் இதுதான்: என் சம்பளம் 28,000. மனைவி ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள், 18,500. அவள் சம்பளம் 21,000-க்குள் இருப்பதால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் உண்டு. இதை முதல் குழந்தைக்குக் காத்திருப்பவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்: இ.எஸ்.ஐ.யில் இருக்கும் பெண்ணுக்கு மகப்பேறு விடுப்புச் சம்பளத்தைக் கம்பெனி தருவதில்லை, இ.எஸ்.ஐ. கழகம்தான் நேராக வங்கிக் கணக்கில் போடுகிறது. 26 வாரம், அதாவது 182 நாள். சராசரி தினச் சம்பளம் முழுதாகக் கிடைக்கும். நான் போட்ட கணக்கில் நாளுக்கு 616 ரூபாய், ஆக ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். இந்தத் தொகையை நம்பித்தான் சீட்டைத் தள்ளினேன்.

தொகை வரவில்லை. ஒரு மாதம் பார்த்தோம், இரண்டு மாதம் பார்த்தோம். விசாரித்தபோது காரணம் ஒரே வரியில் வந்தது: பெயர் பொருந்தவில்லை.

கதை இப்படி. வேலையில் சேர்ந்தபோது அவளுக்குத் திருமணம் ஆகவில்லை. அப்பாவின் இன்ஷியலோடு பதிவு செய்திருந்தார்கள். ஆங்கிலத்தில் அவள் பெயரில் ஓர் 'ஏ' கூடுதலாகவும் விழுந்திருந்தது. திருமணமான பிறகு ஆதாரில் என் இன்ஷியலுக்கு மாற்றினோம், அதைப் பார்த்து வங்கியிலும் மாற்றினோம். இ.எஸ்.ஐ. பதிவு மட்டும் பழைய பெயரிலேயே கிடந்தது. மாற்ற வேண்டும் என்று அன்றைக்குப் பிடிவாதம் பிடித்தவன் நான். "எதற்கு? இருப்பது இருக்கட்டுமே" என்று அவள் சொன்னது நினைவிருக்கிறது. அவள் அதை எனக்கு நினைவூட்டவில்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஆதார் நகல், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், திருமணப் பதிவுச் சான்றிதழ், இரண்டு பெயரும் ஒருவரே என்று கம்பெனி தரும் கடிதம். இந்த நான்கும் சேர்ந்தால் வேலை முடிகிறது. சேர்வதற்குத்தான் நாளாயிற்று. கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் ஷிப்மென்ட் வேலையில் இருப்பார், போட்ட கடிதத்தில் முத்திரை இருக்காது, முத்திரை வாங்கிப் போனால் பழைய இன்ஷியலையே மறுபடி அடித்திருப்பார்கள். எல்லாம் சரியாகிப் பணம் வந்தபோது மகளுக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

இடைப்பட்ட மாதங்களை ஒரு நாற்பது பக்க நோட்டில் ஓட்டினேன். வாடகை 7,500, சீட்டு 5,000, வண்டித் தவணை 3,100. இவை அசையாத செலவு. மீதி 12,400-ல்தான் அரிசி, பெட்ரோல், மருந்து, வாரம் ஒருமுறை திண்டுக்கல் பஸ் செலவு எல்லாம். மாமியார் வீட்டில் பத்தியச் சாப்பாட்டுக்கு நான் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. பூண்டுக் குழம்பும் சுறாப்புட்டும் பிரசவ லேகியமும் அவர்கள் கணக்கு. குளிப்பாட்ட வரும் பாட்டிக்கு நாளுக்கு 150, அது மட்டும் என் கணக்கு. காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் குப்புறப் போட்டு அவர் தண்ணீர் ஊற்றும் வேகத்தைப் பார்த்து எனக்கு மூச்சு நிற்கும். குழந்தையோ குளித்து முடித்த கையோடு மூன்று மணி நேரம் தூங்கும். நோட்டில் எழுதியதில் மனம் நோகாத செலவு அது ஒன்றுதான்.

டயப்பர் விஷயத்தில் நானும் மாமியாரும் ஒரே கட்சி. பகலில் பழைய வேட்டியைக் கிழித்த துணி, இரவில் மட்டும் டயப்பர். இதனால் மாதம் 700 ரூபாயோடு நின்றது. துவைப்பது யார் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் துவைத்தேன். மற்ற ஆறு நாள் யார் என்பதை நோட்டு சொல்லாது.

தடுப்பூசிக்கு வருவோம். பிரசவம் பார்த்த இடத்தில் ஆறாவது வார ஊசிக்குச் சில ஆயிரம் ஆகும் என்றார்கள், காய்ச்சல் வராத ஊசி என்றார்கள். மாமனார் ஒரு புதன்கிழமை எங்களை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார். வாயில் போலியோ சொட்டும் ரோட்டா சொட்டும், இரண்டு தொடையிலும் ஒவ்வோர் ஊசி, கையின் தோலில் சின்னதாக ஒன்று. பைசா செலவில்லை. இடது தொடையில் போடுவது ஐந்து நோய்களுக்கான ஊசி, இரவு காய்ச்சல் வரும், பயப்படாதீர்கள் என்று செவிலியர் முன்பே சொன்னார், காய்ச்சலுக்கான சொட்டு மருந்தின் அளவையும் அட்டையில் எழுதிக் கொடுத்தார். சொன்னபடியே காய்ச்சல் வந்தது, விடிவதற்குள் போயிற்று. அந்த ஓர் இரவு நாங்கள் நால்வரும் தூங்கவில்லை என்பதைத் தவிர வேறு நஷ்டம் இல்லை. கையில் பணம் இருந்திருந்தால் தனியாரிடம் போயிருப்போமா? போயிருப்போம் என்றுதான் நினைக்கிறேன். பணம் இல்லாததால் ஒரு நல்ல இடம் தெரிய வந்தது.

முப்பதாம் நாள் தொட்டில் போட்டோம். செலவு 38,000. மொய் 41,500, மேலும் மூன்று மோதிரம், இடுப்புக்கு ஒரு வெள்ளி அரைஞாண். "செலவு போக மிச்சம்தானே" என்றார் என் அண்ணன். எனக்கு அதில் உடன்பாடில்லை. மொய்யை வரவில் எழுதக் கூடாது, கடனில் எழுத வேண்டும். அந்த 41,500-ம் அடுத்த பத்து வருடத்தில் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுக்க வேண்டியது, அதுவும் வட்டியோடு.

அன்றைக்கு அத்தைமார் குழந்தையின் காதில் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஜோசியர் கொடுத்த எழுத்தில் ஒன்று, குலதெய்வத்தின் பெயர் ஒன்று. மூன்றாவதாக நாங்கள் ஆசைப்பட்ட பெயர். அதை இங்கே சொல்லப்போவதில்லை, அதில் ஒரு ழகரம் உண்டு என்பது போதும். இரண்டு பாட்டிமாருக்கும் அந்தப் பெயரில் சம்மதம் வர மூன்று மாதம் ஆயிற்று. சம்மதம் வந்த பிறகு ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று எங்களுக்குள் சண்டை. 'இசட் ஹெச்' என்று நான், 'எல்' போதும் என்று அவள். வெளிமாநிலத்தில் 'இசட்' என்று படித்துத் தொலைப்பார்கள் என்பது அவள் வாதம்.

இதற்கிடையே பெயரில்லாத சான்றிதழை எடுத்துக்கொண்டு ஆதாருக்குப் போனேன். பெயர் ஏற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். அஞ்சலகத்தில் பெண் குழந்தைகளுக்கான செல்வமகள் சேமிப்புக் கணக்குக்கும் அதே பதில்தான். ரேஷன் அட்டையில் குழந்தையைச் சேர்ப்பதும் ஆதாருக்காக நின்றது. எல்லா வழியும் அந்த ஒரு வெற்றிடத்தில் வந்து முட்டின.

பெயர் ஏற்றுவது சிரமமான வேலை இல்லை. பிறந்து 21 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். எங்களுக்கு மருத்துவமனையே அதைச் செய்துவிட்டது. கர்ப்பமானபோது திருப்பூரில் நகர்ப்புறச் செவிலியரிடம் பதிந்து வாங்கிய பன்னிரண்டு இலக்கத் தாய்சேய் எண்ணைக் கேட்டார்கள், மனைவி அதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருந்தாள். தனியார் மருத்துவமனையில் மட்டும் காட்டுபவர்கள் இந்த எண்ணை வாங்க மறந்துவிடுகிறார்கள். பதிந்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணம் கட்டிப் பதினைந்து வயது வரை சேர்க்கலாம். ஆனால், பிறந்த ஊரின் அலுவலகத்தில்தான் பதிவு இருக்கும். ஆகவே நான் தாராபுரம், ஒட்டன்சத்திரம் வழியாகத் திண்டுக்கல்லுக்குப் போக வேண்டும். ஒருமுறை ஏற்றிய பெயரை விருப்பம்போல மாற்ற முடியாது என்பதையும் எச்சரிக்கையாகச் சொன்னார்கள். எங்களுக்கு உதறல் எடுத்தது அதில்தான்.

விண்ணப்பத்தை மனைவிதான் நிரப்பினாள். 'இசட் ஹெச்' என்றே எழுதினாள். விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று நான் மகிழ்வதற்குள் பேனாவை மூடிவிட்டாள்.

"இன்ஷியல்?" என்றேன்.

"வேண்டாம். அப்பா பெயருக்கும் அம்மா பெயருக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறதே. நான் இரண்டு இன்ஷியல் வைத்துக்கொண்டு பட்டது போதாதா?"

இ.எஸ்.ஐ. பணம் அப்போதும் வந்திருக்கவில்லை. எதிர்த்துப் பேச எனக்கு வாயும் இல்லை, நியாயமும் இல்லை.

இரண்டு வாரத்தில் பெயரோடு சான்றிதழ் வந்தது. அதைக் காட்டி நீல நிற ஆதார். ஐந்து வயதுக்குள் என்பதால் கைரேகை எடுப்பதில்லை, தாயின் ஆதாரோடு இணைத்து முகப்படம் மட்டும். படத்தில் அவள் விரல் சப்பிக்கொண்டிருக்கிறாள்.

செல்வமகள் கணக்கில் மாதம் 5,000 போட வேண்டும் என்பது மாமனாரின் கட்டளை. 8.2 சதவீத வட்டி நல்ல வட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் பதினைந்து வருடம் கட்ட வேண்டும், முதிர்வு இருபத்தோராம் வருடத்தில், பதினெட்டு வயதாகும் வரை அல்லது பத்தாம் வகுப்பு முடியும் வரை அதில் கைவைக்க முடியாது. 79,000 ரூபாய் பில்லுக்குச் சீட்டைத் தள்ளியவன், மகளின் கல்யாணத்துக்கு இப்போதே பூட்டிவைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும். நான் மாதம் 1,000 என்று முடிவு செய்தேன், ஐந்தாம் தேதிக்குள் போட்டால் அந்த மாத வட்டியும் சேரும். மீதியை என் பெயரில், நினைத்த நேரம் எடுக்கக்கூடிய கணக்கில் ஒதுக்குகிறேன். மாமனாருக்கு இன்னும் வருத்தம்தான்.

கணக்குத் தொடங்க மூவருமாகப் போனோம். கவுன்ட்டரில் இருந்தவர் படிவத்தைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்கு இன்ஷியல் போடவில்லையே?" என்றார்.

"இல்லை சார்" என்றாள் மனைவி.

அவர் சான்றிதழை ஒருமுறை பார்த்தார், தோளைக் குலுக்கிவிட்டுத் தட்டச்சு செய்தார். பாஸ் புத்தகம் அச்சாகி வந்தது. வரிசையில் பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள், குழந்தை என் தோளில் சிணுங்குகிறது. அவள் நகரவில்லை. நகைக் கடையில் முத்திரை பார்ப்பதுபோலப் பெயரின் மேல் விரலை வைத்து, ஒவ்வோர் எழுத்தாக, ழகரத்தின் இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கின்றனவா என்று பார்த்தாள். பிறகுதான் பைக்குள் வைத்தாள்.