கனெக்டிகட்டில் ஒரு நாசரேத்துக்காரி

"நீங்கள் எப்போது கிறிஸ்தவராக மாறினீர்கள்?"

ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் காப்பி குடிக்கிற கூடத்தில் ஒரு பாட்டியம்மா கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு பிரியமாகத்தான் கேட்டார். ஆனாலும் சுருக்கென்றது. எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்குப் பக்கம். தாத்தாவின் அப்பா உபதேசியார், கோயிலில் போதிக்கிற ஊழியர். ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்ததும் ஊரே குளித்துக் கிளம்புகிற இடத்தில் வளர்ந்தவள் நான். "பிறந்ததிலிருந்தே" என்று சொல்லிவிட்டு வந்தேன். மனசு ஆறவில்லை.

அப்புறம்தான் இந்த ஊர்த் திருமண்டலத்தின், அதாவது ஒரு பேராயரின் (பிஷப்பின்) கீழே உள்ள சபைகளின், கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். நான் இருப்பது அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஹார்ட்ஃபோர்டு நகரத்தை ஒட்டி. போகிற கோயில் எபிஸ்கோப்பல் சபை, இங்கிலாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன்) மரபில் வந்தது. நம் சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை) ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் சேர்ந்ததுதான் என்பதால் முதல் நாளே பாவ அறிக்கையும் விசுவாசப் பிரமாணமும் வாய் தானாகச் சொன்னது. பாஷைதான் வேறு.

படிக்கப் படிக்க ஆச்சரியம். அமெரிக்கா ஆங்கிலேயருக்குக் கீழே இருந்த காலம் முழுவதும் இங்கே ஒரு பேராயர்கூடக் கிடையாது. குருவாக அபிஷேகம் பெற விரும்புகிறவர் கப்பலேறி லண்டன் போகவேண்டும். போனவர்களில் சிலர் கடலில் மாண்டார்கள், சிலரை அம்மை கொண்டுபோனது. சுதந்திரப் போர் முடிகிற நேரத்தில், 1783 மார்ச் 25 அன்று, உட்பரி என்ற சிற்றூரில் ஒரு குருமனையில் பத்துக் குருமார் ரகசியமாகக் கூடி, சாமுவேல் சீபரியைத் தங்கள் பேராயராக இருக்கத் தேர்ந்தெடுத்தார்கள். க்ளீப் ஹவுஸ் என்கிற அந்த மரவீடு இப்போது அருங்காட்சியகம். நான் போய்ப் பார்த்தேன். தாழ்ந்த கூரை, சின்ன அறைகள். ஒரு திருமண்டலம் இங்கேயா பிறந்தது என்று கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன்.

சீபரி லண்டன் போனார். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். அபிஷேகம் பெறுகிறவர் இங்கிலாந்து ராஜாவுக்கு உண்மையாயிருப்பேன் என்று சத்தியம் செய்யவேண்டும் என்பது சட்டம். புதிய அமெரிக்கக் குடிமகன் அதை எப்படிச் செய்வார்? இத்தனைக்கும் போர் தொடங்கும்போது ராஜாவின் பக்கம் நின்று துண்டுப்பிரசுரம் எழுதி, அதற்காகச் சிறையிருந்தவர் அவர். கடைசியில் ஸ்காட்லாந்துக்குப் போனார். அங்கே இருந்த எபிஸ்கோப்பல் சபையார் தாங்களே அரசின் தண்டனைச் சட்டங்களுக்குப் பயந்து ஒதுங்கி வாழ்ந்தவர்கள். 1784 நவம்பர் 14 அன்று, அபர்டீன் நகரில் ஒரு வீட்டு மாடி அறையில், மூன்று ஸ்காட்லாந்துப் பேராயர்கள் அவர் தலைமேல் கை வைத்தார்கள். அமெரிக்காவின் முதல் எபிஸ்கோப்பல் பேராயர் அப்படித்தான் உண்டானார். 1785-இல் ஊர் திரும்பி வேலையைத் தொடங்கினார். எங்கள் பக்கத்துப் பாளையங்கோட்டையில் குளோரிந்தா அம்மாள் கட்டிய கோயிலை மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் (நாங்கள் குருவை ஐயர் என்போம்) பிரதிஷ்டை செய்ததும் அதே 1785-இல்தான். இதைக் கண்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இன்னும் ஒன்று இருக்கிறது. சீபரிக்கும் அவர் அப்பாவுக்கும் சம்பளம் கொடுத்த மிஷன் எஸ்.பி.ஜி. என்கிற நற்செய்திச் சங்கம், 1701-இல் லண்டனில் தொடங்கியது. அமெரிக்கா சுதந்திரம் பெற்றதும் அது இங்கிருந்து கையை எடுத்துக்கொண்டது. பின்னால் 1820-களில் திருநெல்வேலிப் பக்கத்து மிஷன் வேலையை ஏற்றது. இடையன்குடியில் கால்டுவெல் ஐயரும், எங்கள் நாசரேத்தில் மர்காஷிஸ் ஐயரும் அந்த மிஷன் ஊழியர்கள். அதாவது அந்தப் பாட்டியம்மாவின் சபையும் என் சபையும் ஒரே பணப்பையில் வளர்ந்தவை. பேராயர் இல்லாமல் காத்துக் கிடந்ததிலும் ஒற்றுமை உண்டு. கல்கத்தா, அப்புறம் சென்னை என்று தூரத்துப் பேராயர்களின் கீழே இருந்த திருநெல்வேலிக்குச் சொந்தத் திருமண்டலம் கிடைத்தது 1896-இல். இந்தியர் ஒருவர் ஆங்கிலிக்கன் பேராயராக 1912 வரை ஆனது. அவரும் நம் வெள்ளாளன்விளை மண்ணில் பிறந்த அசரியா. என் வருத்தம் இதுதான்: இங்கே கோயிலில் யாருக்கும் இது தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கேள்வி வாயில் வந்திருக்காது.

சரி, மனத்தாங்கலை வைத்துவிட்டு மகிழ்ச்சியைச் சொல்கிறேன். இங்கே சபை நடக்கிற விதம்.

நம் ஊரில் ஐயருக்கு மாற்றல் வரும். பேராயர் உத்தரவு போடுவார், சாமான்கள் லாரியில் ஏறும், வழியனுப்பு விழாவில் பெண்கள் அழுவார்கள், அடுத்த வாரம் புது ஐயர் குருமனையில் இருப்பார். இங்கே எங்கள் ஐயர் ஓய்வு பெற்றபோது, சபையாரே ஒரு குழு போட்டு, எப்படிப்பட்டவர் வேண்டும் என்று எழுதி வெளியிட்டு, விண்ணப்பித்தவர்களை நேர்முகம் கண்டார்கள். அந்தக் குழுவில் என்னையும் போட்டார்கள். அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஏட்டி, ஐயருக்கே இன்டர்வியூவா? நீ என்ன கேட்ட?" என்றாள். ஜெபத்தைப் பற்றியும், நோயாளிகளைப் பார்க்கப் போவதைப் பற்றியும் கேட்டேன் என்றேன். "சம்பளத்தையும் நீங்களா பேசுனிய?" என்று கேட்டுவிட்டு, அன்று முழுக்கப் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

சம்பளத்தையும் நாங்கள்தான் பேசினோம். வெஸ்ட்ரி என்று ஒரு குழு, அதில் மூத்த வார்டன், இளைய வார்டன், எல்லாரும் சபையார் ஓட்டுப் போட்டு வந்தவர்கள். ஐயரின் சம்பளம் முதல் பனி அள்ளுகிறவருக்குக் கொடுக்கும் கூலி வரை அச்சடித்து ஆண்டுக் கூட்டத்தில் எல்லார் கையிலும் கொடுக்கிறார்கள். குருவை அழைப்பது வெஸ்ட்ரி, அதற்குப் பேராயரின் சம்மதமும் வேண்டும். பேராயரைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான்: திருமண்டல மாநாட்டில் குருமார் தனியாக, சபையாரின் பிரதிநிதிகள் தனியாக வாக்களிப்பார்கள், இரண்டு பக்கமும் பெரும்பான்மை வரவேண்டும். அதன் பிறகும் நாட்டின் மற்றத் திருமண்டலங்களில் பாதிக்கு மேல் சம்மதிக்கவேண்டும். நம்மிடம் திருமண்டலப் பெருமன்றம் சில பெயர்களை அனுப்ப, அதில் ஒருவரை சி.எஸ்.ஐ.யின் தலைமை மன்றமான சினாடு தேர்ந்தெடுக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டு பத்துக் குருமார் மட்டும் தொடங்கிய இடம், இப்போது காப்பி போடுகிறவரின் ஓட்டையும் எண்ணுகிறது. எனக்கு இது மெத்தப் பிடித்திருக்கிறது. நம் சேகரங்களிலும் (ஒரு ஐயரின் கீழே உள்ள சபைகளிலும்) கணக்கை இப்படி ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுத்தால் எவ்வளவு சண்டை குறையும்!

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. ஆங்கிலப் பாட்டுப் புத்தகம் பழகிவிட்டது, அரை மணி நேரத்தில் வீட்டுக்குக் கலைந்துவிடுகிறவர்களும் பழகிவிட்டார்கள். ஆனால் அறுவடைக் காலத்தில், மரமெல்லாம் சிவக்கிற மாதத்தில், பீடத்தில் பூசணிக்காயும் ஆப்பிளும் வைத்து ஸ்தோத்திரம் செய்தபோது எனக்கு எங்கள் ஊர் அசனப் பண்டிகை, சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுகிற விருந்து, ஞாபகம் வந்துவிட்டது. ராத்திரி முழுக்க ஆண்கள் அண்டாவைக் கிண்டுகிற சத்தம், கண்ணெரிய விறகுப் புகை, வீட்டுக்கு வீடு அரிசி தண்டுகிற சின்னப் பையன்கள். பந்தி முடிந்து ஓலைப்பெட்டியில் சோறும் வாளியில் குழம்பும் வீட்டுக்கு வரும். மறுநாள் பழையதுக்கு அந்தக் குழம்பு இன்னும் ருசி. யார் பணக்காரர் யார் ஏழை என்று அந்த வரிசையில் தெரியாது. இங்கே ஆளுக்கொரு தட்டு கொண்டுவந்து மேசையில் வைக்கிறார்கள். நல்ல சாப்பாடுதான். ஆனால் ஒரே அண்டாவிலிருந்து எல்லாரும் சாப்பிடுவதில்லை.

அதனால் இந்த வருஷம் கேட்டேவிட்டேன், கோயில் முற்றத்தில் ஒரே பாத்திரத்தில் ஆட்டுக்கறிக் குழம்பு வைத்து எல்லாருக்கும் பரிமாறலாமா என்று. புது ஐயர், அவர் ஒரு பெண், உடனே சரி என்றார். இளைய வார்டன் அடுப்புக்கு இடம் பார்த்திருக்கிறார். பொருளாளர்தான், இந்தச் செலவை வரவுசெலவில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று நிறுத்தி வைத்திருக்கிறார். விருந்தோம்பல் என்று ஏற்கெனவே ஒரு தலைப்பு இருக்கிறது. நான் அசனம் என்று தனித் தலைப்பே கேட்டிருக்கிறேன். வெஸ்ட்ரியின் அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு.