கோவிவன்

செப்டம்பர் 28, 2025, ஞாயிறு

பாப்பாவுக்கு நாய் வேண்டும். இது புதுச் செய்தி இல்லை. இரண்டாம் வகுப்பிலிருந்து கேட்கிறாள், இப்போது எட்டாம் வகுப்பு. இந்த முறை நான் சரி என்று சொல்லிவிட்டேன், அதுதான் புதிது.

அவள் அப்பா பெங்களூரிலிருந்து ஒரு பீகிள் குட்டியின் படத்தை அனுப்பினார். நீளக் காது, பாவமான கண். கூடவே விலையும் வந்தது: எங்கள் வீட்டு மாதச் செலவில் முக்கால்வாசி. காசு கொடுத்தெல்லாம் வேண்டாம், காப்பகத்திலிருந்து எடுப்போம் என்றேன். அவர் வெள்ளிக்கிழமை இரவு வந்து ஞாயிறு இரவு கிளம்பிவிடுகிற ஆள். நாயோடு வாரம் முழுக்க இருக்கப்போவது நாங்கள் மூன்று பேர்தான், எனவே எங்கள் ஓட்டுக்குத்தான் மதிப்பு.

மூன்றாவது ஓட்டு என் அப்பாவுடையது. பென்னாகரம் பக்கம் காட்டில் அவர் எத்தனையோ நாய்கள் வைத்திருந்தவர். ஒன்றுகூட வாசல்படி தாண்டியதில்லை. "நாயைப் போய் யாராச்சும் தேடிக்கிட்டுப் போவாங்களா கண்ணு? அது தானா வரும். களி உருண்டை போட்டா நிக்கும்" என்றார். கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு இறங்கி வந்தார். நாய் வீட்டுக்குள் வரக்கூடாது. அவர் அதைத் தொடமாட்டார்.

அக்டோபர் 5, ஞாயிறு

வாடகைக் காரில் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் போனோம். காப்பகம் ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லைக்குப் பக்கத்தில். தூரத்திலேயே சத்தம் வந்துவிட்டது, கிட்டப் போனதும் பினாயில் வாடை.

பெரிய அண்டாவில் அரிசியும் கோழிக்காலும் மஞ்சள் போட்டு வெந்துகொண்டிருந்தன. நெடுஞ்சாலையில் அடிபட்டு மூன்று காலோடு நிற்பவை, கண் போனவை, சொறி பிடித்து முடி முளைத்துக்கொண்டிருப்பவை. இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் போனேன். நான் எதிர்பார்க்காதது ஒரு வரிசை முழுக்க ஜாதி நாய்கள். லேப்ரடார், பக், ஒரு ஹஸ்கி. பனிப்பிரதேசத்து நாயை வாங்கி அடுக்குமாடி பால்கனியில் வளர்த்துவிட்டு, முடி கொட்டுகிறது என்று கொண்டுவந்து விட்டுவிடுகிறார்களாம். அதற்கும்கூட வாரா வாரம் ஆள் கேட்டு வருகிறார்கள். நாட்டு நாயில் குட்டி என்றால் கொஞ்சம் போகும். வளர்ந்த நாட்டு நாய், அதுவும் கருப்பு என்றால் வருடக்கணக்கில் அங்கேயேதான் என்றார் அங்கே வேலை பார்க்கும் அக்கா.

பாப்பா குட்டிகளிடம் உட்கார்ந்திருந்தாள். நான் அந்தக் கருப்பு வரிசையில் நின்றிருந்தேன். எல்லாம் கம்பியில் ஏறிக் குதித்தன, ஒன்று மட்டும் பின்சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி எங்களைப் பார்த்தது. பல்லை வைத்துப் பார்த்தால் நான்கு வயது இருக்கலாம் என்றார்கள். ஆண், கருத்தடை ஆகிவிட்டது, காதில் அடையாள வெட்டு இருக்கிறது. ஒருநாள் காலையில் கேட்டில் கட்டிப் போட்டிருந்ததாம், கழுத்தில் பழைய தோல் பட்டை, பக்கத்தில் ஒரு டிபன் பாக்ஸில் சோறு.

அந்த டிபன் பாக்ஸ் விஷயத்தைக் கேட்டதும் பாப்பா குட்டிகளை விட்டு எழுந்து வந்துவிட்டாள்.

எனக்கும் வளர்ந்த நாய்தான் சரி என்று பட்டது. நான் காலை ஒன்பதுக்கு வேலைக்குப் போனால் ஆறுக்குத்தான் வருவேன். குட்டி என்றால் நாளுக்கு நான்கு வேளை சாப்பாடு, மூன்று நான்கு வாரத்துக்கொரு தடுப்பூசி, குட்டிகளின் உயிரைப் பறிக்கும் பார்வோ வைரஸ் பயம், செருப்புக்கு ஆபத்து. வளர்ந்தது என்றால் என்ன அளவு, என்ன குணம் என்று கண்ணெதிரே தெரிகிறது.

படிவம் நான்கு பக்கம். ஆதார் நகல், வீட்டு முகவரிச் சான்று. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்ட மாட்டேன், வேறு யாருக்கும் தரமாட்டேன், வைத்திருக்க முடியாமல் போனால் இங்கேயே திருப்பி ஒப்படைப்பேன் என்று கையெழுத்து. பகலில் வீட்டில் யார், மாடி இருக்கிறதா, கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்று வீடியோ காலில் அப்பாவிடம் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள். "உன்னைப் பொண்ணு பாக்க வந்தவங்ககூட இவ்ளோ கேக்கல" என்றார் அப்பா.

எல்லாம் சரி, ஆனால் இப்போது தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்கு முன்னால் எந்த நாயையும் புது வீட்டுக்கு அனுப்புவதில்லையாம். வெடிச் சத்தத்தில் மிரண்டு ஓடினால் இடம் தெரியாமல் தொலைந்துபோகும். நியாயம்தான்.

அக்டோபர் 21, செவ்வாய்

தீபாவளி முடிந்தது. பாப்பா இந்த வருஷம் வெடி வேண்டாம் என்றாள், மத்தாப்போடு சரி. பேரும் முடிவாகிவிட்டது. பள்ளியில் கூட்டிப்போய் தர்மபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் பார்த்ததிலிருந்து அவளுக்கு அந்தப் பைத்தியம். செங்கம் பக்கம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போய்ச் செத்த வீரன் கருந்தேவக்கத்திக்கு எடுத்த கல். அவன் பக்கத்திலேயே அவனுடைய நாயையும் செதுக்கி, கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று அதன் பேரையும் வெட்டி வைத்திருக்கிறார்கள். கோவிவன். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முந்தைய நாய்க்குப் பேர் தெரிகிறது. நம்முடையதற்கு முந்தைய பேர் தெரியவில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

வந்துவிட்டான். காலையில் எதுவும் தராமல் கூட்டிப் போகச் சொன்னார்கள், இருந்தும் இராயக்கோட்டை வளைவுகளில் மஞ்சளாக வாந்தி எடுத்தான். டிரைவர் தம்பி பழைய பெட்ஷீட் விரித்திருந்ததால் தப்பித்தோம்.

அக்டோபர் 28, செவ்வாய்

மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். கூப்பிட்டால் வருவதில்லை. சாதமும் முட்டையும் வைத்தால் நாங்கள் நகர்ந்த பிறகு, நள்ளிரவில் சாப்பிடுகிறான். காப்பகத்தில் சொன்ன கணக்கு இது: மிரட்சி தெளிய மூன்று நாள், வீட்டுப் பழக்கம் பிடிபட மூன்று வாரம், நம் வீடு என்று தோன்ற மூன்று மாதம். அதுவரை கொஞ்சாதீர்கள், விருந்தாளிகளைக் கூட்டாதீர்கள், கண்ணுக்கு நேரே குனிந்து பார்க்காதீர்கள் என்றார்கள்.

பாப்பாவுக்கு இதுதான் பெரிய சோதனை. தடவாமல் இருக்க வேண்டும். படிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறாள்.

நவம்பர் 2, ஞாயிறு

இன்று ஒரு வேடிக்கை. எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மா வீட்டில் தெலுங்கு பேசுபவர். இந்த மாவட்டத்தில் அது அதிசயம் இல்லை, எங்கள் தெருவிலேயே தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஓடும். கேட்டைத் திறந்ததும் படிக்கு அடியில் இருந்தவனைப் பார்த்து, "ரா ரா, இக்கட ரா" என்றார், சும்மா வாய்க்கு வந்தபடி.

எழுந்து வந்தான். வாலைத் தாழ்த்தி ஆட்டிக்கொண்டு நேராகப் போய் அந்த அம்மாவின் முழங்காலில் தலையை வைத்தான். "கூச்சோ" என்றார், உட்கார்ந்தான்.

நாங்கள் மூன்று பேரும் வாயடைத்து நின்றோம். தெருவில் பிறந்து பிடிபட்ட நாய் இல்லை இது. ஓசூர் சுற்றுவட்டாரத்தில் ஏதோ ஒரு தெலுங்கு வீட்டில் வளர்ந்திருக்கிறான், பேர் சொல்லிக் கூப்பிட்டு உட்காரச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்புறம் எதுக்கு கட்டிப்போட்டுட்டு ஓடினாங்க?" அப்பா மெதுவாகச் சொன்னார்: "சோறு வெச்சுட்டுத்தானே போயிருக்காங்க. என்ன கஷ்டமோ."

யார் சொல்வது சரி என்று எனக்குத் தெரியவில்லை. ரோஜாத் தோட்டத்தில் கூலிக்கு இருந்த குடும்பம் இடம் மாறியிருக்கலாம். நாய்க்கு இடமில்லாத வாடகை வீடாக இருக்கலாம். அந்தக் காப்பகத்தில் இருந்த ஹஸ்கிக்கு மட்டும் நான் இப்படி யோசிக்க மாட்டேன்.

நவம்பர் 8, சனி

தெருநாய்கள் பற்றி உச்ச நீதிமன்றம் நேற்று புது உத்தரவு போட்டிருக்கிறது. பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றில் திரியும் நாய்களைப் பிடித்து, கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துக் காப்பகத்தில் வைக்க வேண்டும், பிடித்த இடத்தில் திரும்ப விடக்கூடாது. 2023 விலங்கு பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி இதுவரை பிடித்த இடத்திலேயே விடுவதுதான் வழக்கம்.

அலுவலகத்தில் இதே பேச்சு. கூட வேலை பார்ப்பவரின் பையனை டியூஷன் போகிற வழியில் நாய் கடித்து ஊசி போட்டுக்கொண்டிருக்கிறான், அவரிடம் போய் நான் நாய்ப் பாசம் பேச முடியாது. ரேபீஸ் அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே ஊசி போடுவது ஒன்றுதான் வழி. எங்கள் ஊர்ப்பக்கம் இன்னும் மந்திரித்துக் கயிறு கட்டுபவர்கள் இருக்கிறார்கள், அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம்.

ஆனால் காப்பகத்தில் வை என்றால் எங்கே? நான் பார்த்ததில் ஒரு அறைக்கு ஏழெட்டு இருந்தன. தெருநாயை விரும்புகிறவர்கள் உள்ளாட்சி அமைப்பிடம் விண்ணப்பித்துத் தத்தெடுக்கலாம், பிறகு அது தெருவுக்குத் திரும்பக்கூடாது என்று இதே நீதிமன்றத்தின் ஆகஸ்ட் 22 உத்தரவில் ஒரு வரி இருந்தது. அதைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம்.

நவம்பர் 12, புதன்

தேய்பிறை அஷ்டமி. அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலுக்குப் போகும் கூட்டம் காலையிலேயே தொடங்கிவிட்டது, சாம்பல் பூசணியை இரண்டாக வெட்டி விளக்குப் போடுவார்கள். பைரவரின் வாகனம் நாய். அதிலும் எங்களுடையது கன்னங்கரேலென்று இருக்கிறது.

"ராத்திரி குலைக்குது, தூங்க முடியல" என்று திங்கட்கிழமை சண்டைக்கு வந்த எதிர்வீட்டு அக்காதான் முதலில் வந்தார், கையில் நெய் சொட்டும் சர்க்கரைப் பொங்கல். அடுத்து வடை. அடுத்து இரண்டு பாக்கெட் பிஸ்கட்டோடு முன்பின் தெரியாத ஒருவர். நான் வேலைக்குப் போயிருந்தேன். அப்பாவும் சாமி காரியம் என்று கேட்டைத் திறந்து விட்டிருக்கிறார்.

சாயங்காலம் வாசல் முழுக்கக் கழிச்சல். இரவு தயிர்சாதம் மட்டும். அடுத்த அஷ்டமிக்கு கேட்டில் பூட்டு.

நவம்பர் 19, புதன்

இரண்டு நாளாகத் தட்டு அப்படியே இருக்கிறது. இன்று எழுந்து நிற்கவே சோம்பினான். ஈறு வெளுத்திருந்தது. ஆட்டோவில் கால்நடை மருத்துவமனை. காய்ச்சல் 104 டிகிரி. நாய்க்கு 101 முதல் 102.5 வரை இயல்பு என்று டாக்டர் சொன்னார். ரத்தம் எடுத்துப் பார்த்ததில், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் அடிமட்டத்தில். உண்ணிக் காய்ச்சல்.

மழைக்காலத்தில் உண்ணி பெருகும். நான் நினைத்துக்கொண்டிருந்தது போல அது நாய் மேலேயே குடியிருப்பதில்லை. வயிறு நிரம்ப ரத்தம் குடித்துவிட்டு இறங்கிப் போய்ச் சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டை போடுகிறது. அதனால் நாய்க்கு மட்டும் மருந்து வைத்தால் போதாது, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் இடுக்குகளைச் சிமென்ட் பூசி அடைக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் மாத்திரை நான்கு வாரம். இரண்டே நாளில் தெம்பாகிவிடும், அதைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள் என்று டாக்டர் அழுத்திச் சொன்னார். வெறும் வயிற்றில் தரக்கூடாது. ஆனால் சாப்பிட்டால்தானே?

வீட்டுக்கு வந்து அப்பா ஒன்றும் பேசாமல் ராகிக் கூழ் காய்ச்சினார். மோர் விட்டு ஆற்றி, கையில் எடுத்து அவன் வாயருகே கொண்டுபோனார். நக்கினான். பிறகு அப்பா படியில் உட்கார்ந்து அவன் காதைத் திருப்பி, விரலிடுக்கைப் பிரித்து, ஒவ்வொன்றாக உண்ணி பிடுங்கி மண்ணெண்ணெய்க் கிண்ணத்தில் போட ஆரம்பித்தார். தொடமாட்டேன் என்ற நிபந்தனையை நான் ஞாபகப்படுத்தவில்லை.

டிசம்பர் 3, புதன்

கார்த்திகை தீபம். ஏழு மணிக்குத் தெருக்கோடியில் முதல் வெடி. உடம்பெல்லாம் நடுங்கி, வாய் நுரைத்து, கேட்டை முட்டினான். அப்பா கழுத்துப் பட்டையைப் பிடித்து நடு அறைக்குள் இழுத்துப்போய் ஜன்னலைச் சாத்தி, ஃபேனை வேகமாக வைத்து, டிவியைச் சத்தமாகப் போட்டார். சீரியல் முடியும்வரை இருவரும் உள்ளேதான். வீட்டுக்குள் வரக்கூடாது என்ற நிபந்தனையும் போயிற்று.

டிசம்பர் 21, ஞாயிறு

மாத்திரை முடிந்து ரத்தமும் பார்த்தாயிற்று, தட்டணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டிவிட்டன. முடி பளபளக்கிறது. பேரைச் சொன்னால் பாதி நேரம் திரும்பிப் பார்க்கிறான். கோவிவன் என்பது டாக்டர் சீட்டில்தான், வீட்டில் கோவி, அப்பாவுக்கு "டேய்".

இன்றைய செய்தி வேறு. அப்பா மளிகைக் கடைக்குப் போகத் தன் பழைய டிவிஎஸ் எக்ஸ்எல்லை வெளியே எடுத்தார். கிக்கரை உதைத்து வண்டி உறுமியதும் மாடிப்படியிலிருந்து கோவி பாய்ந்து வந்தான். யாரும் கூப்பிடவில்லை. முன்னால் கால் வைக்கும் இடத்தில் தாவி ஏறி, முகத்தை ஹேண்டில் பாருக்கு நேரே தூக்கி, போகலாம் என்கிற தோரணையில் உட்கார்ந்தான். சாக்கு மூட்டை வைக்கும் இடத்தில் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தி உட்காரப் பல வருஷப் பழக்கம் வேண்டும்.

"பால் வண்டிக்காரன் வீட்டு நாயா இருந்திருப்பான்" என்றார் அப்பா. இல்லை, பூ ஏற்றுகிறவர் என்கிறாள் பாப்பா. அந்த முகம் தெரியாத ஆள்மேல் அவளுக்கிருந்த கோபம் கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கிறது. அவரிடம் எக்ஸ்எல் இருந்தது என்பதே அவளுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

மளிகைக் கடைக்குப் போனவர்கள் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார்கள். கடை பத்து நிமிட தூரம். கேட்டதற்கு, "காத்து வாங்கிட்டு வந்தோம்" என்றார். பொங்கலுக்குப் பென்னாகரம் போக பஸ்ஸில் நாயை ஏற்றமாட்டார்களே, என்ன செய்யலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அதற்கும் எக்ஸ்எல்தான் வழி என்கிறார். எழுபத்திரண்டு வயதில் அந்த ரோட்டில் முன்னால் ஒரு நாயை வைத்துக்கொண்டு ஓட்ட விடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வாடகைக் காருக்கு ஆகும் காசில் நாலு மூட்டை கேழ்வரகு வாங்கலாம் என்று அவர் கணக்குச் சொல்கிறார். கார்தான் என்று நானும் நிற்கிறேன்.