சாட்சியில் சொல்லாமல் விடுகிற பகுதி

எங்கள் தமிழ்ச் சபையில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடியச் சாட்சி சொல்ல நேரம் கொடுப்பார்கள். எழும்பி நின்று, ஸ்தோத்திரம் சொல்லி, ஆண்டவர் எனக்கு இதைச் செய்தார் என்று ஐந்து நிமிடத்துக்குள் சொல்லிவிட்டு இருக்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேலாகக் கேட்டு வருகிறேன். "1986இல் கர்த்தர் என்னை நோர்வேக்குக் கொண்டுவந்தார்" என்று தொடங்குவார்கள், அடுத்த வசனமே "இண்டைக்கு என்ர மூன்று பிள்ளைகளும் படிச்சு நல்லா இருக்கினம்" என்று வந்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வாழ்க்கையே கிடக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. எனக்கு அந்த நடுப்பகுதிதான் வேண்டும். மற்றவர்களிடம் கேட்பதற்கு முன்னால் என்னுடையதை எழுதிவிடுகிறேன்.

நான் வந்தது 1990 நவம்பர் கடைசியில். ஒஸ்லோவில் இறங்கி, அங்கிருந்து வடக்கே இன்னும் இரண்டு விமானம் மாறி, பாரன்ட்ஸ் கடற்கரையில் போட்ஸ்பியோர்ட் என்கிற மீன்பிடி ஊரில் போய் நின்றேன். இவர், என் கணவர், அங்கே மூன்று வருடமாக மீன் தொழிற்சாலையில் வேலை. அந்தக் காலத்தில் அங்கே நிறையத் தமிழர் இருந்தார்கள், எல்லாரும் மீன் வெட்ட வந்தவர்கள்தான். நான் போய்ச் சேர்ந்தது பின்னேரம் இரண்டு மணிக்கு, வெளியே இருட்டு. பொழுது பட்டுவிட்டது என்று நினைத்தேன். பட்டது உண்மைதான், ஆனால் அந்தச் சூரியன் திரும்பி வர ஜனவரி நடுப்பகுதி ஆகும் என்று இவர் ஒரு கடிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஒரு மாதத்தில் எனக்கும் அங்கே வேலை கிடைத்தது. கீழே வெளிச்சம் போட்ட கண்ணாடி மேசை ஒன்று இருக்கும், வெட்டின தொர்ஸ்க் (கொட்) மீன் சதையை அதன்மேல் வைத்தால் உள்ளே இருக்கிற புழு நிழலாகத் தெரியும், கத்தி நுனியால் அதைத் தோண்டி எடுக்க வேண்டும். எட்டு மணி நேரம் அதுதான். அந்த இரண்டு மாத இருட்டில் நான் பார்த்த பெரிய வெளிச்சம் அந்த மேசைதான், அதற்கு முன்னால் நின்றபடி நான் ஜெபித்த அளவுக்கு எந்த ஆலயத்திலும் ஜெபித்ததில்லை. காதுக்கு மூடி போட்டிருப்போம், யந்திரச் சத்தம் வேறு, ஆவியில் நிறைந்து அந்நியபாஷையில் பேசினாலும் பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது.

யாழ்ப்பாணத்தில் அம்மா சிலோன் பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவ. வெள்ளைச் சேலை, நகை இல்லை, மருந்து இல்லை. காய்ச்சல் என்றால் ஊழியக்காரர் வந்து எண்ணெய் பூசி ஜெபிப்பார்கள், அவ்வளவுதான். அந்த வீட்டிலிருந்து வந்ததால் என் கழுத்தில் தாலியும் இல்லை, காதில் தோடும் இல்லை. தொழிற்சாலையில் மற்றத் தமிழ்ப் பெண்கள் முதல் கிழமையே பார்த்துவிட்டார்கள். இவரோடு எனக்குக் கலியாணமே நடக்கவில்லை என்று ஒரு கதை போனது. யாரையும் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் அங்கே ஊர் என்று இருந்தது நாங்கள் நாற்பது ஐம்பது பேர்தான், அதற்குள் ஒருத்தி வேறு மாதிரி வந்து நின்றால் கதைக்கத்தான் செய்வார்கள். ஆனால் அந்த வருடம் நான் அழுததில் பாதி அதற்குத்தான்.

வெள்ளிக்கிழமை இரவு வேலை முடிந்து நான்கு குடும்பம் எங்கள் வீட்டில் கூடுவோம். போதகர் கிடையாது, இரண்டு தமிழ் வேதாகமம், ஒரு பாட்டுக் கொப்பி. ஞாயிறு காலையில் ஊரிலிருந்த நோர்வே பெந்தெகொஸ்தே ஜெப வீட்டுக்குப் போவோம், பதினைந்து இருபது வயதானவர்கள், கை தட்ட மாட்டார்கள், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருப்பார்கள். ஒரு சொல் விளங்காது. முடிந்ததும் கோப்பியும் வாஃபலும் தருவார்கள். அங்கே ஓர் அலுமாரியில் அவர்களுடைய பழைய சபைப் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக இருந்தன. கொண்டுபோங்கோ என்று கையால் காட்டினார்கள். நான் நோர்வேஜிய மொழி படித்தது அதில்தான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் கடைக்குப் போவது, வைத்தியருக்குத் தொலைபேசி எடுப்பது என்று இருக்கும், அது தேவைதான், ஆனால் மனம் அதில் நிற்காது. பத்திரிகையில் மிஷனரிமாரின் வாழ்க்கைக் கதைகள். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் எடுத்து வாசித்தேன்.

நோர்வேயில் இந்தப் பெந்தெகொஸ்தே ஊழியத்தைத் தொடங்கிய தோமஸ் போல் பரட் நோர்வேயில் பிறந்தவரே இல்லை என்று தெரிந்த நாள் எனக்கு நல்ல நினைவு. 1862இல் இங்கிலாந்தில் கோர்ன்வாலில் பிறந்தவர். தகப்பனுக்கு ஹர்டாங்கர் பக்கம் சுரங்கத்தில் வேலை, அதனால் சின்னப் பிள்ளையாக இங்கே கொண்டுவரப்பட்டவர். நோர்வே இசையமைப்பாளர் எட்வார்ட் கிரீக்கிடம் சங்கீதம் படித்தவர், மெதடிஸ்ட் போதகர். ஒஸ்லோ ஊழியத்துக்குக் காசு சேர்க்க அமெரிக்கா போனார், காசு சேரவில்லை. நியூயோர்க்கில் கையை விரித்துக்கொண்டு இருந்த நேரத்தில்தான் லொஸ் ஏஞ்சல்ஸ் அசூசா தெருவில் நடந்த பெந்தெகொஸ்தே எழுப்புதல் பற்றிய செய்தி அவருக்குக் கிடைத்தது, நியூயோர்க்கிலேயே பரிசுத்த ஆவியின் அபிஷேகம் பெற்று 1906 டிசம்பரில் திரும்பினார். சாட்சியாகச் சொல்லும்போது அபிஷேகத்தைச் சொல்வோம், அதற்கு முந்திய மாதங்களில் வெறும் கையோடு அந்நிய ஊரில் இருந்ததைச் சொல்ல மாட்டோம். 1908இல் அதே மனிதர் இந்தியா போய்க் குன்னூரில் கூட்டம் நடத்தியிருக்கிறார். இந்தப் பனிக்குள்ளிருந்து ஒருவர் தமிழ் பேசுகிற மலைக்குப் போயிருக்கிறார் என்று இவரை எழுப்பி வாசித்துக் காட்டினேன். இவருக்கு விடிய ஐந்து மணிக்கு வேலை. பாவம், எழும்பி இருந்து கேட்டார்.

எங்கள் கொழும்புக்கும் அப்படி ஒருத்தி வந்திருக்கிறா. அன்னா லெவினி, டென்மார்க்கில் நாடக நடிகையாக இருந்தவ, 1919இல் இலங்கைக்கு ஊழியத்துக்கு வந்தவ. அந்த வெயிலில் அவவுக்கு முதல் வருடம் எப்படிப் போயிருக்கும், சோறு ஒத்துக்கொண்டதா, யாரிடம் கதைத்தா என்று இன்றைக்கும் யோசிப்பேன்.

ஆனால் என்னை உண்மையில் நிமிர்த்தி வைத்தது இரண்டு சுவீடன்காரர்களின் கதை. குன்னார் விங்ரென், டானியேல் பெர்க். இரண்டு பேரும் ஏற்கெனவே அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர்கள். அங்கே ஒரு ஜெபத்தில் 'பாரா' என்கிற பெயர் தீர்க்கதரிசனமாக வந்தது, அது எங்கே இருக்கிறது என்று நூலகத்தில் போய்த் தேடித்தான் பிரேசில் என்று கண்டுபிடித்தார்கள். 1910 நவம்பரில் பெலெம் துறைமுகத்தில் இறங்கினார்கள், மொழி தெரியாது, காசும் இல்லை. என்ன செய்தார்கள் என்றால், பெர்க் இரும்பு வார்க்கிற பட்டறையில் வேலைக்குப் போனார், அந்தச் சம்பளத்தில் விங்ரென் போர்த்துக்கேய மொழி படித்தார், பகலில் படித்ததை இரவில் வந்து பெர்க்குக்குச் சொல்லிக் கொடுத்தார். அடுத்த வருடம் அவர்கள் தொடங்கிய சபை இன்றைக்கு பிரேசில் முழுக்க இருக்கிற மிகப் பெரிய பெந்தெகொஸ்தே சபை. அந்தப் பெரிய சபையை விட எனக்கு அந்த இரவுப் பாடம்தான் பெரிதாகப் பட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. நான் கைக்குழந்தையோடு வேலையை விட்டுவிட்டு மொழி வகுப்புக்குப் போனேன், இவர் இரண்டு ஷிஃப்ட் செய்தார், இரவில் குசினி மேசையில் நான் படித்ததை அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். மீன் மணக்கிற கையால் கொப்பியில் எழுதுவார். அது ஊழியத்தின் பகுதி என்று அதுவரை எனக்குத் தோன்றவில்லை.

அந்தக் குழந்தைக்கு முதல் மாரியில் கடும் காய்ச்சல் வந்தது. அம்மாவின் வழியில் நான் ஜெபித்துக்கொண்டே இருந்தேன், இவர் ஒரு வார்த்தையும் கதைக்காமல் பிள்ளையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் போய்விட்டார். பிள்ளை சுகமானாள். நாங்கள் இருவரும் அதைப் பற்றி நீண்ட காலம் கதைக்கவில்லை.

1998இல் பிள்ளைகளின் படிப்புக்காக ஒஸ்லோ வந்தோம். வடக்கிலிருந்து அப்படிக் கனபேர் இறங்கினார்கள். இங்கே பெரிய நோர்வே சபை ஒன்றில் காலையில் அவர்களோடு ஆராதனை, பின்னேரம் கீழ்மாடியில் எங்களுக்குத் தமிழில். காலையில் கதவுக்குக் கிட்ட கடைசி வாங்கில் இருப்பேன், என் நோர்வேஜியம் வடக்கத்திப் பேச்சு, நகரத்துப் போதகர் கதைப்பது திரும்பவும் பாதிதான் பிடிபட்டது. அசூசா எழுப்புதலை நடத்திய வில்லியம் சீமோரை அந்த வாங்கில் இருந்துதான் அடிக்கடி நினைப்பேன். அடிமைகளாக இருந்த தாய் தகப்பனுக்குப் பிறந்தவர், ஒரு கண் பார்வை இல்லை. ஹூஸ்டனில் சார்ள்ஸ் பார்ஹமின் வேதாகம வகுப்பில் கறுப்பர் வெள்ளையரோடு சேர்ந்து இருக்க முடியாது என்பதால் வெளியே நடையில் இருந்து, திறந்திருந்த கதவு வழியாகப் பாடம் கேட்டவர். என் நிலையை அவருடையதோடு வைத்துப் பார்ப்பது சரியில்லை, அவரைத் தடுத்தது நிறம், என்னைத் தடுத்தது மொழி. ஆனாலும் கதவுக்குக் கிட்ட இருந்து கேட்டவர் ஒருவர் என்பது எனக்குப் பலமாக இருந்தது.

அந்தச் சபையில்தான் மாமியைச் சந்தித்தேன். நோர்வேக்காரி, அப்போது அறுபத்தைந்து தாண்டியிருக்கும், கொங்கோவில் கீவு மாகாணத்தில் பல வருடம் மிஷனரித் தாதியாக இருந்தவ. இந்த நாட்டில் எவ்வளவு வயதானவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், எனக்கு நாக்கு எழும்பவில்லை. ஒரு நாள் தெரியாமல் "மாமி" என்று வந்துவிட்டது. அவ சிரித்துக்கொண்டு, கொங்கோவில் எல்லாரும் என்னை "மாமா" என்றுதான் கூப்பிட்டார்கள், அங்கே அது அம்மாவுக்குச் சொல்கிற மரியாதை, இங்கே திரும்பி வந்த பிறகு யாரும் அப்படிக் கூப்பிடவில்லை என்றா. அன்றிலிருந்து மாமிதான்.

நான் எந்தச் சொல்லைத் தேடித் தடுமாறினாலும் மாமி குறுக்கே சொல்லித் தர மாட்டா, காத்துக்கொண்டு இருப்பா. ஏன் என்று கேட்டேன். சுவாஹிலி படித்த காலத்தில் தன் வாயிலிருந்து மற்றவர்கள் சொல்லைப் பறித்துக்கொள்ளும்போது எவ்வளவு வலித்தது என்று சொன்னா. 1960இலும் 1964இலும் கலவரத்தில் எல்லாவற்றையும் விட்டு இரவோடு இரவாக எல்லை தாண்டியவ. 1987 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தில் வீட்டை விட்டு ஓடியதை இந்த நாட்டில் நான் முழுதாகச் சொன்ன முதல் ஆள் மாமிதான். எதை எடுத்துக்கொண்டு ஓடினாய் என்று கேட்டா. வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. தையல் பெட்டி என்றேன். தான் எடுத்தது ஒற்றைச் சப்பாத்து என்றா, மற்றது இருட்டில் கிடைக்கவில்லையாம்.

ஒருமுறை எங்கள் சமையல் வாசம் கட்டடம் முழுக்க வருகிறது, கீழ்மாடியில் சாப்பாடு வேண்டாம் என்று சபைக் கூட்டத்தில் முறைப்பாடு வந்தது. நாங்கள் தலை குனிந்து இருந்தோம். மாமி எழும்பி, நாங்கள் நோர்வேயிலிருந்து கொண்டுபோன பாற்கட்டியின் வாசத்தைக் கொங்கோச் சனம் இத்தனை வருடம் ஒரு சொல் சொல்லாமல் பொறுத்தது என்றா. அதற்குப் பிறகு யாரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை. அடுத்த ஞாயிறு மாமியும் கீழே வந்து எங்களோடு சோறும் பருப்பும் சாப்பிட்டா.

2018 டிசம்பர் 10ஆம் திகதி மாமி வீட்டில் இருந்து தொலைக்காட்சி பார்த்தோம். நாடியா முராத்தோடு சேர்த்து டெனிஸ் முக்வெகேவுக்கு இங்கே ஒஸ்லோவில் சமாதான நோபல் பரிசு. மாமி இருந்த கொங்கோவில், புக்காவு நகரத்துப் பெந்தெகொஸ்தே போதகரின் மகன், தானும் பிரசங்கிக்கிறவர், போரில் சிதைக்கப்பட்ட பெண்களுக்குப் பன்சி வைத்தியசாலையில் 1999இலிருந்து அறுவைச் சிகிச்சை செய்கிறவர். சின்ன வயதில் தகப்பனோடு நோயாளிகளைப் பார்க்கப் போவாராம், தகப்பன் ஜெபிப்பாராம், மருந்தும் கொடுக்கிற ஆளாக வேண்டும் என்று அப்போதே நினைத்தாராம். மாமி இதைச் சொன்னபோது எனக்கு இவர் பிள்ளையைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போன அந்த இரவு வந்துவிட்டது. இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு அன்றைக்கு வீட்டுக்குப் போய், நீங்கள் செய்தது சரி என்று இவரிடம் சொன்னேன். தெரியும் என்றார்.

மாமி 2021இல் கர்த்தருக்குள் போய்ச் சேர்ந்தா. சபையில் அவவின் வாழ்க்கையை ஒரு தாளில் வாசித்தார்கள்: போன வருடம், வந்த வருடம், எத்தனை கிளினிக். ஒற்றைச் சப்பாத்து அதில் இல்லை. அன்றைக்குத்தான் எங்கள் ஆட்களின் கதையையாவது பதிவு செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

இப்போது ஏழு பேரிடம் பதிவு செய்திருக்கிறேன், கைத்தொலைபேசியில்தான். முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள், முதல் நோர்வேஜியச் சொல் எது, எந்த இரவில் திரும்பிப் போகலாம் என்று நினைத்தீர்கள், இவைதான் என் கேள்விகள். கடினமாக இருந்தது எங்கள் பாஸ்டர் ஐயாவிடம். இருபது வருடம் பகலில் சபை ஊழியம், இரவில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிற வேலை. "அதை விடுங்கோ தங்கச்சி, ஊழியத்தைப் பற்றிக் கேளுங்கோ" என்றார். ஐயா, நான் அதைத்தான் கேட்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார், பிரசங்கம் எல்லாம் தயாரித்தது நிலம் துடைக்கும்போதுதானாம், ஒவ்வொரு மாடிக்கும் ஒரு வசனம், ஆறாம் மாடிக்கு வரும்போது ஆமென் வந்துவிடுமாம். மின்தூக்கி பழுதான ஒரு கிழமை பிரசங்கம் நீண்டுவிட்டது என்று பாஸ்டர் அம்மா பக்கத்தில் இருந்து சொன்னா.

அதற்குள் பேரப்பிள்ளை பள்ளியால் வந்துவிட்டான். வாற சனிக்கிழமை திரும்ப வரச் சொல்லியிருக்கிறார், மூன்றாம் மாடியில் ஒரு நோர்வேக்காரர் இரவில் வேலை செய்துகொண்டு இருப்பாராம், அவருடைய கதையைச் சொல்கிறேன் என்றார்.