மார்ச் மாதக் குறிப்புகள்: ஒரு சிறு அறக்கட்டளையின் பொருளாளர் எழுதியவை

மார்ச் 3, 2023, வெள்ளி

பிரித்தானியாவில் மார்ச், மூளைக் கட்டி விழிப்புணர்வு மாதம். எங்கள் சிறு அறக்கட்டளைக்கு ஓராண்டில் சேரும் பணத்தில் பெரும்பகுதி இந்த மாதத்திலேயே வருகிறது. இவ்வாண்டு கூடவே ஒரு கேள்வியும் வந்திருக்கிறது: பெரிய அமைப்பொன்றுடன் முழுதாக இணைந்துவிடுவதா, பெயரை வைத்துக்கொண்டே ஒரு கூட்டமைப்பில் உறுப்பினராவதா, இதுவரை நடந்ததைப் போலத் தனியாகவே நடப்பதா என்று மாத இறுதிக்குள் செயற்குழு முடிவெடுக்க வேண்டும். அதற்கான அறிக்கையைத் தயாரிக்கும் பொறுப்பு பொருளாளராகிய என்னுடையது.

இந்த நோய்க்கு மட்டும் ஏன் இத்தனை அறக்கட்டளைகள் என்று புதிதாக வருபவர்கள் கேட்பதுண்டு. பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு வீட்டில் விழுந்த சாவு இருக்கிறது. சமந்தா டிக்சன் 1996இல் தன் 16ஆவது வயதில் இறந்தபின் பெற்றோர் நீலும் ஏஞ்சலாவும் அவள் பெயரில் தொடங்கிய அறக்கட்டளை, 2013இல் 'பிரெய்ன் டியூமர் யூகே', 'ஜோசஃப் ஃபூட் டிரஸ்ட்' ஆகியவற்றுடன் இணைந்து 'பிரெய்ன் டியூமர் சாரிட்டி' ஆனது. மகளின் பெயர் பெயர்ப்பலகையிலிருந்து போயிற்று. குடும்பத்தில் ஒரு சிறுமியை இழந்த சூ ஃபாரிங்டன் ஸ்மித் முன்னின்று நடத்திய 'பிரெய்ன் டியூமர் ரிசர்ச்' வேறு வழியைத் தேர்ந்தது. அதில் உறுப்பு அமைப்புகள் தத்தம் பெயரோடும் தத்தம் ஊரோடும் இருந்துகொண்டே ஆராய்ச்சிக்கான பணத்தை ஓரிடத்தில் சேர்க்கின்றன.

எங்களுடையதும் அப்படிப் பிறந்ததுதான். இலண்டனின் ஹரோவில் எல்லோரும் அண்ணா, அண்ணி என்றே அழைக்கும் தம்பதியர் தங்கள் மகனின் பெயரில் தொடங்கினார்கள். எனவே இந்தக் கேள்வியைக் கணக்குக் கேள்வியாக மட்டும் அவர்கள் முன் வைக்க முடியாது.

மார்ச் 6, திங்கள்

'பிரெய்ன் டியூமர் ரிசர்ச்' தன் ஆராய்ச்சி நிலையங்களில் ஒரு நாள் வேலைக்கு ஆகும் செலவை 2,740 பவுண் என்று கணக்கிட்டிருக்கிறது. ஆண்டுக்குப் பத்து இலட்சம் பவுணை 365ஆல் வகுத்தால் கிடைக்கும் தொகை அது. அந்த அளவு பணம் திரட்டித் தருபவர்களின் பெயரில் நிலையத்தின் சுவரில் ஓர் ஓடு பதிக்கிறார்கள். எங்கள் கடந்த ஆண்டு வரவை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தேன். ஒரு வாரத்தைக்கூட அது தாண்டவில்லை.

இந்தத் தொகையை நாங்களே ஓர் ஆய்வாளருக்குக் கொடுக்க முடியுமா? சட்டம் தடுக்காது, அறிவு தடுக்கும். ஆய்வுக்குப் பணம் தரும் பொறுப்பான அறக்கட்டளை எதுவும் விண்ணப்பத்தைத் துறை சார்ந்த பிற ஆய்வாளர்களிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பாமல் காசோலை எழுதுவதில்லை. எங்கள் செயற்குழுவில் ஒரு கணக்காளர், இரண்டு ஆசிரியைகள், ஒரு மருந்தாளர், ஒரு கடைக்காரர் இருக்கிறோம். உயிரணு ஆராய்ச்சி விண்ணப்பத்தின் தரத்தை எங்களில் யார் சொல்வது? சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் கொடுத்த சிறு தொகையொன்று ஓர் ஆய்வகத்துக்குக் குளிர்பெட்டி வாங்கப் பயன்பட்டது. பயனுள்ளதுதான், ஆனால் அடுத்த ஆண்டு அங்கே என்ன நடந்தது என்று கேட்பதற்கு எங்களிடம் ஆளில்லை.

கோயில் வாசலில் சேர்ந்த பணத்துக்குப் பாதிப் பேர் கிஃப்ட் எய்ட் படிவத்தை நிரப்பவே இல்லை. வரி கட்டுபவர் கையெழுத்திட்டால் ஒவ்வொரு பவுணுக்கும் அரசு 25 பென்ஸ் சேர்த்துத் தரும். உண்டியலைக் குலுக்குவதில் காட்டும் அக்கறையைப் பேனாவை நீட்டுவதிலும் தொண்டர்கள் காட்டினால் நல்லது.

மார்ச் 11, சனி

தமிழ்ப் பள்ளியில், பிள்ளைகளின் மூளைக் கட்டிக்கான அறிகுறிகளைச் சொல்லும் 'ஹெட்ஸ்மார்ட்' அட்டைகளைப் பெற்றோருக்குக் கொடுத்தோம். அறக்கட்டளைகளும் வைத்தியர்களும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன். சமந்தா டிக்சன் அறக்கட்டளையும், நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் சிறுவர் மூளைக் கட்டி ஆராய்ச்சி நிலையமும், குழந்தை மருத்துவர்களின் அரச கல்லூரியும் 2011இல் இதைத் தொடங்கின. 2006இல், அறிகுறி தோன்றி நோய் கண்டறியப்படும் வரை ஒரு பிள்ளை காத்திருந்த இடைநிலைக் காலம் (பாதிப் பேர் இதைவிடக் குறைவாகவும் பாதிப் பேர் கூடவும் காத்திருந்த அளவு) 14 வாரங்களுக்கு மேல். 2013 ஆகும்போது அது ஏழு வாரங்களுக்கும் கீழே இறங்கிவிட்டது. புதிய மருந்தோ புதிய கருவியோ இதற்குக் காரணமில்லை. வயதுக்கேற்ற அறிகுறிகளைச் சட்டைப்பையில் அடங்கும் அட்டையில் அச்சிட்டுப் பெற்றோரிடமும், அதே செய்தியைக் குடும்ப வைத்தியர்களிடமும் சேர்த்தார்கள்.

விடாத தலைவலி, திரும்பத் திரும்ப வரும் வாந்தி, நடையில் தள்ளாட்டம், கண் அசைவில் மாற்றம், குணத்தில் மாற்றம் என்று அட்டையில் இருப்பவற்றை ஒரு தாய் விரல் வைத்து வாசித்துக்கொண்டு வந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தே வைத்திருத்தல் என்ற வரியில் விரல் நின்றது. "இதுவுமா? கழுத்துப் பிடிப்பு என்றல்லவா எண்ணெய் தேய்ப்போம்" என்றார். அவருடைய பிள்ளைக்கு ஒன்றுமில்லை, கேள்விதான். ஆனாலும் அட்டை அச்சிட்ட காசு அந்த ஒரு கேள்வியிலேயே வந்துவிட்டதாக நினைத்தேன்.

மார்ச் 16, வியாழன்

வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டியான கிளையோபிளாஸ்ரோமா நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரின் வீட்டுக்கு அண்ணியுடன் போனேன். இனங்காண உதவும் எதையும் இங்கே எழுதமாட்டேன். வழமையாக இந்த நோய்க்குச் சத்திரசிகிச்சைக்குப் பின் வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு வாரம் கதிர்வீச்சு. கூடவே டெமோசோலோமைட் என்ற புற்றுநோய்க் குளிசை. மூளைக் கட்டி இருப்பது தெரிந்ததும் வாகன உரிம அலுவலகத்துக்கு அறிவித்துவிட்டு ஓட்டுவதை நிறுத்த வேண்டும் என்பது சட்டம். மனைவிக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. முப்பது நாள் போய்வர என்ன வழி? எங்கள் அறக்கட்டளை வாடகைக் காருக்குப் பணம் கொடுக்கிறது.

மேசையில் ஒரு பள்ளிக்கூட அப்பியாசக் கொப்பி இருந்தது. அதில் அவருடைய மனைவியான அந்த அக்கா குளிசைகளை நேரவாரியாகக் கோடு போட்டு எழுதியிருந்தார். டெக்ஸாமெதசோன் என்ற வீக்கம் குறைக்கும் மருந்துக்கு எதிரே, "காலையில் மட்டும், பின்னேரம் கொடுத்தால் நித்திரை இல்லை" என்று சிவப்பு மையில் இருந்தது. அடுத்த பக்கம் முழுவதும் சீனி அளவு. அந்த மருந்து இரத்தத்தில் சீனியை ஏற்றும். எங்கள் ஆட்களில் ஏற்கெனவே நீரிழிவுள்ளவர்களுக்கு அது வேறொரு வில்லங்கம். திடீரென்று நிறுத்தவும் கூடாது, வைத்தியர் சொல்வதுபோல் படிப்படியாகவே குறைக்க வேண்டும். "நான் சமைப்பதைச் சரியில்லை என்று இவர் சண்டை பிடிக்கிறார், முந்தி இப்படிக் கோபம் வராது, அண்ணி" என்றார். நெற்றிப் பகுதியில் கட்டி இருந்தால் குணம் மாறும் என்பதையும், அது அவர் வேண்டுமென்று செய்வதல்ல என்பதையும், கேட்பவர் விளங்கிக்கொள்ளும் மொழியில், தேநீர் ஆறும்வரை உட்கார்ந்து சொல்ல ஒருவர் வேண்டும். வைட் தீவிலுள்ள 'பிரெய்ன்ஸ்ட்ரஸ்ட்' அமைப்பு அனுப்பும் தகவல் பெட்டியை அண்ணி அவர்களுக்கு வரவழைத்துக் கொடுத்திருந்தார். பெட்டி நல்லது. அதைத் திறந்து பக்கத்தில் இருந்து வாசித்துக் காட்டியவர் அண்ணி.

திரும்பும் வழியில் ஒரு கணக்குச் சிக்கல் நினைவுக்கு வந்தது. ஆராய்ச்சிக்கென்று சொல்லித் தந்த பணத்தை வாடகைக் காருக்குத் தொட முடியாது. அறக்கட்டளைச் சட்டப்படி அது கட்டுப்படுத்தப்பட்ட நிதி. பொது நிதியோ வறண்டு கிடக்கிறது.

மார்ச் 20, திங்கள்

கடந்த மாத இறுதியில் பாராளுமன்றத்தின் மூளைக் கட்டி அனைத்துக் கட்சிக் குழு வெளியிட்ட அறிக்கையை முழுவதும் வாசித்தேன். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

பின்னணி பலருக்குத் தெரிந்ததுதான். முன்னாள் அமைச்சர் டெஸ்ஸா ஜோவெல், 2012 இலண்டன் ஒலிம்பிக்கைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர், 2017இல் கிளையோபிளாஸ்ரோமாவுக்கு ஆளானார். 2018 ஜனவரி 25 அன்று பிரபுக்கள் சபையில் அவர் பேசியபோது, கைதட்டும் வழக்கமே இல்லாத அந்தச் சபை எழுந்து நின்று கைதட்டியது. அடுத்த மாதம் அரசு இரண்டு கோடி பவுண் அறிவித்தது, 'கான்சர் ரிசர்ச் யூகே' இரண்டரைக் கோடி சேர்த்தது. மே மாதம் அவர் இறந்தபின் அரசு தன் பங்கை நான்கு கோடியாக உயர்த்தியது. அந்த நான்கு கோடியில் ஏறத்தாழ ஐந்தாண்டில் ஆய்வுகளுக்கு ஒதுக்கப்பட்டது ஏறக்குறைய ஒன்றரைக் கோடிதான் என்று அறிக்கை சொல்கிறது.

பணம் இல்லை என்பதே எங்கள் கூட்டங்களில் எப்போதும் கேட்கும் குறை. 2002 முதல் தேசிய அளவில் புற்றுநோய் ஆராய்ச்சிக்குச் செலவான பணத்தில் மூளைக் கட்டிக்குப் போனது ஏறக்குறைய ஒரு சதவீதம். ஆனால் நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களிடையே வேறெந்தப் புற்றுநோயையும்விட அதிகமானோரைக் கொல்வது இதுவே. அந்தக் குறை உண்மைதான். என்றாலும் ஒதுக்கிய பணமும் செலவாகாமல் கிடக்கிறது என்றால் அதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும். அரசின் மருத்துவ ஆய்வு நிதி நோயாளியிடம் கொண்டுபோகத் தயாரான ஆய்வுகளையே எதிர்பார்க்கிறது. ஆய்வகத்தில் கண்டுபிடித்ததை அந்த நிலைக்குக் கொண்டுவரும் இடைப்பட்ட வேலைக்கு ஆளும் பணமும் குறைவு. இடைவேலை நடக்காததால் விண்ணப்பங்கள் தேறவில்லை, தேறாததால் பணம் போகவில்லை, பணம் போகாததால் இளம் ஆய்வாளர்கள் வேறு துறைக்குப் போகிறார்கள்.

அந்த இடைவெளியை நிரப்பக்கூடியவை அறக்கட்டளைகள்தாம். ஆனால் எங்களைப் போல ஆளுக்கொரு குளிர்பெட்டி வாங்கிக் கொடுத்து நிரப்ப முடியாது. பல்லாண்டு நீளும் உறுதி வேண்டும், ஓரிடத்தில் திரண்ட தொகை வேண்டும். 'பிரெய்ன் டியூமர் சாரிட்டி' 28 இலட்சம் பவுண் கொடுத்து நிறுவிய 'பிரெய்ன் மேட்ரிக்ஸ்' ஆய்வு, பல வைத்தியசாலைகளின் நோயாளிகளுடைய கட்டிகளை மரபணு அளவில் ஆராய்ந்து, யாருக்கு எந்தச் சோதனை மருந்து பொருந்தும் என்று பார்க்க அடித்தளம் இடுகிறது. கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கும் சாட்டிவெக்ஸ் என்ற வாய்த்தெளிப்பானை டெமோசோலோமைட்டுடன் சேர்த்துச் சோதிக்கும் 'அரிஸ்டோகிராட்' ஆய்வுக்கு அதே அமைப்பு 2021இல் மூன்றே மாதத்தில் பொதுமக்களிடம் பணம் திரட்டியது. தந்தையை மூளைக் கட்டிக்குப் பறிகொடுத்த ஒலிம்பிக் நீரில் பாய்தல் வீரர் டொம் டேலி அதற்காகக் குரல் கொடுத்தார். இருநூறுக்கும் மேற்பட்டோர் பங்குபெறத் திட்டமிட்டிருக்கும் அந்த ஆய்வை எந்தச் சிறு அறக்கட்டளையும் தனியாகக் கனவுகூடக் காண முடியாது.

மார்ச் 22, புதன்

செயற்குழுவின் இளம் செயலாளர், "மாமா, அறக்கட்டளைப் பணத்தில் மருந்தே வந்ததுண்டா?" என்று கேட்டாள். டெமோசோலோமைட்டையே எடுத்துக்கொள்ளலாம். பர்மிங்ஹாமின் ஆஸ்டன் பல்கலைக்கழகத்தில் மால்கம் ஸ்டீவன்ஸ் குழு 1980களில் உருவாக்கியது. இன்றைய 'கான்சர் ரிசர்ச் யூகே'யின் முன்னோடியான அறக்கட்டளை அதன் முதல் மனிதச் சோதனைகளுக்குத் துணைநின்றது. 2005இல் வெளியான முடிவின்படி, கதிர்வீச்சுடன் அதைச் சேர்த்தபோது இடைநிலை வாழ்நாள் 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாயிற்று. இரண்டரை மாதந்தானா என்றாள். ஈராண்டு தாண்டி உயிரோடிருந்தோர் நூற்றுக்குப் பத்தாக இருந்தது இருபத்தாறாக உயர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

மார்ச் 26, ஞாயிறு

செயற்குழுக் கூட்டம். என் பரிந்துரையை வைத்தேன்: ஆராய்ச்சிப் பணத்தை இனி நாங்கள் வைத்திருக்கக் கூடாது, முழுவதையும் கூட்டமைப்பு வழியாக ஓரிடத்தில் சேர்க்க வேண்டும், ஆதரவுப் பணியை யாரிடமும் ஒப்படைக்கக் கூடாது, ஏனெனில் பெரிய அமைப்பின் தொலைபேசி எண் அந்த அக்காவின் கொப்பியை வாசிக்காது.

அண்ணா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பணத்தை அனுப்புவோம் தம்பி, பிள்ளையின் பெயரை அனுப்ப ஏலாது" என்றார். அவரை நான் மறுக்கவில்லை. பெயர் நீங்கினால் பணமும் நீங்கும் என்பதே என் அனுபவம்; கோயில் வாசலில் உண்டியலில் போடுபவர்களில் பாதிப்பேர் அந்தப் பையனைத் தூக்கி வளர்த்தவர்கள். ஆசிரியை ஒருவர் மட்டும், ஆராய்ச்சிப் பணத்தைக் கைவிட்டால் எங்களைக் கார்க் காசு கொடுக்கும் சங்கம் என்றுதான் ஊர் நினைக்கும் என்றார். நினைக்கட்டுமே என்று மருந்தாளர் சொன்னது கொஞ்சம் கடுமையாகப் பட்டாலும் எனக்குச் சரியென்றே தோன்றியது.

மார்ச் 31, வெள்ளி

மூளைக் கட்டி ஆராய்ச்சிக்குப் பணம் திரட்டும் தொப்பி அணியும் நாள். பள்ளியில், கடையில், அலுவலகத்தில் ஆளுக்கொரு தொப்பியோடு நின்று பணம் சேர்த்தோம். அண்ணா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பனையோலைத் தொப்பியோடு நின்றார். இம்முறை பேனாவும் கிஃப்ட் எய்ட் படிவமும் உண்டியலுக்குப் பக்கத்திலேயே கட்டியிருந்தன.

மாலையில் தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டோம். பெயர் மாறாது. கூட்டமைப்பில் உறுப்பினராக விண்ணப்பிப்போம். கட்டுப்படுத்தப்பட்ட நிதி முழுவதும் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகும். இனிமேல் உண்டியல்கள் இரண்டு: ஒன்றில் ஆராய்ச்சி என்றும் மற்றதில் நோயாளர் உதவி என்றும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும், போடுபவரே தீர்மானிக்கட்டும். வாடகைக் கார் நிதியைப் பக்கத்து ஊர்களிலுள்ள இரண்டு சிறு அறக்கட்டளைகளுடன் பொதுவாக்குவது பற்றிச் சித்திரைப் புத்தாண்டுக்குப் பின் பேசுவோம். ஆராய்ச்சி நிலையத்தின் ஆண்டறிக்கையை வாசித்துச் செயற்குழுவுக்கு விளக்கும் வேலையை யார் செய்வது என்று கேட்டபோது, நான் மருந்தாளரைப் பார்த்தேன். அண்ணி தனக்குத் தாருங்கள் என்று வாங்கிக்கொண்டார்.