கூடத்தில் ஒரு தவளை

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் மட்டும் நிலநடுக்கம். இணையவழி உடற்பயிற்சி வகுப்பில் ஏழு வயதுப் பேரன் தவளையாகக் குதிக்கிறான்; அலமாரியில் குத்துவிளக்கு ஆடுகிறது.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாகக் குறைந்தது 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தெருவில் விட மகளுக்குப் பயம். அதனால் திரை. சும்மா சொல்லக்கூடாது, பலன் இருக்கிறது. ஓட்டப்பந்தயம் என்றால் ஆசிரியையின் முதுகுக்குப் பின்னால் ஒளிகிற பையன் இவன். முதல் மாதம் கேமராவை அணைத்துவிட்டே ஆடினான். பிறகு தானாகத் திறந்தான்.

ஆனால் கைதட்டும் ஆட்டத்தைப் பார்க்க வேண்டுமே! ஒலி பிந்தி வருகிறது. பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு தாளம். ஒரே தாளத்தில் அசையும் பிள்ளைகள் ஒருவரோடு ஒருவர் நெருங்குகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. கும்மியடித்த நம் ஆயாக்களுக்கு அது முன்பே தெரியும். இந்த வகுப்பில் தோற்கவும் வழியில்லை, எல்லாருக்கும் நட்சத்திரம்.

போன வாரம் பக்கத்து வீட்டுச் சிறுமியையும் சேர்த்துக்கொண்டேன். பாய்க்குச் சண்டை, அழுகை. "தாத்தா, இவள் என் இடத்தில் நிற்கிறாள்!" நான் செய்தித்தாளை இறக்கவே இல்லை. ஐந்து நிமிடத்தில் பாயைக் குறுக்கே போட்டு இருவரும் நின்றார்கள்.

பாதியில் மின்சாரம் போயிற்று. திரை கறுத்தது. இரண்டு தவளைகளும் நிற்கவில்லை.