அப்பாவின் துப்பாக்கியும் என் பழைய வழக்கும்

அப்பா 1987-இல் வாங்கிய ஒற்றைக்குழல் 12 போர் (குழலளவு) துப்பாக்கியை என் பெயருக்கு மாற்றப் பதினொரு மாதங்கள் ஆயின. அவற்றில் ஏழு மாதங்கள், விண்ணப்பத்தில் நான் எழுதிய ‘இல்லை’ என்ற ஒரு சொல்லால் வீணாயின. என்னைப் போல் பழைய வழக்கு ஒன்றை வைத்துக்கொண்டு துப்பாக்கி உரிமத்துக்கு அலையப் போகிறவர்களுக்கு இது உதவக்கூடும்.

2015-இல் வெளியூரில் ஒரு நண்பரின் திருமணத்துக்குச் சென்று இரவில் திரும்பும்போது, வாகனச் சோதனையில் ஊதச் சொன்னார்கள். நூறு மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் மதுசாரம் என்பது சட்டத்தின் எல்லை. கருவி 68 காட்டியது. குடித்துவிட்டு ஓட்டியதற்காக மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-ஆம் பிரிவில் வழக்கு. மறுவாரம் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2,000 ரூபாய் கட்டிவிட்டு வந்து, அதை மறந்தும் போனேன்.

அப்பா 2022 நவம்பரில் காலமானார். துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். வாரிசுச் சான்றிதழ், தங்கையின் ஆட்சேபணையின்மைக் கடிதம், ரைபிள் கிளப்பில் பயிற்சிச் சான்று எல்லாம் சிக்கலின்றிக் கிடைத்தன. 2023 மார்ச்சில் இணையதளத்தில் ஏ-1 படிவத்தை நிரப்பும்போதுதான், எந்தக் குற்றத்துக்காவது தண்டிக்கப்பட்டிருக்கிறீர்களா, ஆம் எனில் குற்றம், தண்டனை, தேதி ஆகியவற்றைக் குறிப்பிடுக என்ற கேள்வி வந்தது. எனக்குத் தயக்கம் இருந்தது. உரிமம் வழங்கும் அலுவலகத்தில் அந்த வேலையைப் பார்க்கும் எழுத்தரிடமே கேட்டேன். “ஃபைன் கட்டி முடிச்ச கேஸ்தானே சார், அதெல்லாம் ஒரு கேஸே இல்லை, ‘இல்லை’ன்னு போடுங்க” என்றார். போட்டேன்.

நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், தொகை எவ்வளவு சிறியதானாலும் அது குற்றத்தீர்ப்புதான். விசாரணைக்கு வந்த தனிப்பிரிவு ஏட்டு கணினியில் என் விவரங்களைத் தட்டியதும் அந்த வழக்கு வந்து நின்றது. மரியாதையான மனிதர், “சொல்லியிருந்தா நாங்களே ஒரு வரி எழுதி அனுப்பியிருப்போம் சார், மறைச்சதுதான் இப்ப விஷயம்” என்றார். காவல்துறை அறிக்கை ‘பரிந்துரைக்கப்படவில்லை’ என்று சென்றது. விண்ணப்பத்தை ஏன் நிராகரிக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. ‘இல்லை’ என்று போடச் சொன்ன எழுத்தரே அதையும் என்னிடம் நீட்டி, ஒன்றும் அறியாதவரைப் போலக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகுதான் ஆயுதச் சட்டத்தை உட்கார்ந்து படித்தேன். 9-ஆம் பிரிவு தடுப்பது, வன்முறை அல்லது ஒழுக்கக்கேடு சார்ந்த குற்றத்துக்காகச் சிறைத்தண்டனை பெற்றவர்களை; அதுவும் தண்டனை முடிந்து ஐந்து ஆண்டுகள் வரைதான். வெறும் அபராதம் அதில் வராது. ஆனால் உண்மையை மறைத்துப் பெற்ற உரிமத்தை 17-ஆம் பிரிவின்படி ரத்துசெய்யலாம். அதாவது, உள்ளதை எழுதியிருந்தால் என்னைத் தடுத்திருக்காத வழக்கு, எழுதாததால் கிடைத்த உரிமத்தையும் பின்னால் பறித்திருக்கக்கூடும்.

தண்டனை அபராதம் மட்டுமே என்பதைக் காட்ட நீதிமன்றச் சான்றிட்ட நகல் வேண்டும். முதல் பயணம் வீண்: அந்தப் பகுதியின் வழக்குகள் இடையில் வேறொரு நீதிமன்றத்துக்குப் பிரிந்து போயிருந்தன. இரண்டாம் பயணத்தில், எஸ்.டி.சி. எண் (சுருக்க விசாரணை வழக்கு எண்) இல்லாமல் தேட முடியாது என்றார்கள். அபராத ரசீதில் அந்த எண் இருந்திருக்கும். ரசீதை நான் எப்போதோ தொலைத்துவிட்டேன். வழக்குப் பதிந்த காவல் நிலையத்தில் எண்ணை வாங்கி, மூன்றாம் முறை நகல் மனு போட்டபோது, வழக்குக் கட்டு அழிக்கப்பட்டுவிட்டது, பேரேட்டுப் பதிவின் நகல்தான் தர முடியும் என்றார்கள். அந்த ஒற்றை வரியே போதுமானதாக இருந்தது. உங்களுடையது கைக்கு வந்ததும், ‘நீதிமன்றம் கலையும் வரை’ என்ற சொற்கள் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில நீதிமன்றங்கள் அபராதத்தோடு அதையும் விதிப்பதுண்டு. அதுவும் சிறைத்தண்டனைதான், எனவே விளக்கத்தில் அதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது எஸ்-3 மருத்துவச் சான்று. உடல்நலம், மனநலம் ஆகியவற்றோடு, விண்ணப்பதாரர் போதைப்பொருள்களைச் சார்ந்திருப்பவர் அல்லர் என்ற வரியும் அதில் தனியாக இருக்க வேண்டும். நான் முதலில் இணைத்த சான்றில் அந்த வரி இல்லை. அதுவரை யாரும் கவனிக்கவுமில்லை. பழைய வழக்கு வெளியே வந்ததும் எல்லோர் கண்ணும் அங்கேதான் போயிற்று. அரசு மருத்துவர் விவரம் கேட்டதும் பேனாவை மூடிவிட்டு, மனநல மருத்துவரைப் பார்க்கச் சொல்லிவிட்டார். அங்கே வாரத்தில் ஒரே நாள்தான் புறநோயாளிகளைப் பார்த்தார்கள். கல்லீரல் பரிசோதனை, முக்கால் மணி நேரக் கேள்விகள், ‘வீட்டில் யாரையாவது அழைத்து வாருங்கள்’ என்று இன்னொரு வாரம். என் மனைவி வந்து, நான் குடிப்பதை விட்டு எட்டு வருடம் ஆகிறது என்று சொன்னபோது மருத்துவர் அவரையே சற்று நேரம் பார்த்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அந்தச் சான்றைத்தான் இந்தக் கோப்பிலேயே பெரிய தாளாக நினைக்கிறேன்.

விளக்கக் கடிதத்தில் எழுத்தர் சொன்னதைப் பற்றி நான் எழுதவில்லை. எழுதி நிரூபிக்க வழியும் இல்லை. கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், வழக்கின் விவரம் இது, நகல் இது என்று ஒரே பக்கத்தில் முடித்தேன். நேர் விசாரணையில் மாவட்ட வருவாய் அலுவலர் பேரேட்டு நகலை இரண்டு முறை படித்துவிட்டு, “இப்போது வண்டி யார் ஓட்டுகிறார்?” என்று மட்டும் கேட்டார். உரிமம் ஐந்து ஆண்டுகளுக்குக் கிடைத்தது.

பெற்றோரிடம் துப்பாக்கி இருப்பவர்களுக்கு ஒன்று: உரிமதாரருக்கு எழுபது வயது ஆனாலோ, துப்பாக்கியை இருபத்தைந்து ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்ற 2016 ஆயுத விதிகளில் இடமுண்டு. அப்பாவுக்கு இரண்டுமே பொருந்தியும் நாங்கள் கேட்காமல் இருந்துவிட்டோம். இன்னொன்று, இந்த உரிமம் காட்டுப்பன்றியைச் சுடுவதற்கான அனுமதி அல்ல. அது வனத்துறையின் விவகாரம். எங்கள் மக்காச்சோளத்துக்கு வெடிச்சத்தமே போதும்.

2024 பிப்ரவரியில் காவல் நிலையத்திலிருந்து துப்பாக்கியைப் பெற்றேன். குழலின் வாயருகே துரு ஏறியிருந்தது. விசைக்காப்பில் கட்டிய அட்டையில் அப்பாவின் பெயர் பாதி அழிந்திருந்தது. இரண்டு நாள் எண்ணெய் போட்டுத் தேய்த்து வைத்தேன். மார்ச் 16 அன்று நாடாளுமன்றத் தேர்தல் அறிவிப்பு வந்தது. உரிமம் பெற்ற துப்பாக்கிகளை ஒப்படைக்கும்படி அந்த வாரமே நிலையத்திலிருந்து தொலைபேசி. அதே எழுத்துமேசையில் வைத்தேன். இம்முறை ஏட்டு கட்டிய புது அட்டையில் என் பெயர் இருந்தது.